சமாதானப்படுத்த வேண்டிய குழந்தையா பிரயாணி?

வருங்காலப் போக்குவரத்தைப் பற்றிப் பேசுகிற மகாநாடுகளிலும், அவற்றுக்கென்று வழவழப்பான காகிதத்தில் அச்சிடப்படும் பிரசுரங்களிலும், சில ஆண்டுகளாக ஒரு புதிய சித்தாந்தம் தலையெடுத்து, இப்போது ஏறக்குறைய எல்லாரும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளும் நிலையை அடைந்துவிட்டது. ரயிலையும் பஸ்ஸையும் விமானத்தையும் அமைப்பவர்கள் இதுவரை வேகம், எடை, எரிபொருள், செலவு என்ற ஜடக் கணக்குகளையே போட்டு வந்தார்கள் என்றும், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதனுடைய மனத்தை மறந்துவிட்டார்கள் என்றும், இனி வரும் வாகனங்கள் அந்த மனத்தை அறிந்து, அதன் சலிப்பைப் போக்கி, அச்சத்தைத் தணித்து, உற்சாகத்தை ஊட்டும்படி அமைய வேண்டும் என்றும் அது கூறுகிறது. கேட்பதற்கு இனிமையான வார்த்தைதான். இதை ஆட்சேபிக்கத் துணிபவன் ஈரநெஞ்சம் இல்லாதவன் என்று பெயர் வாங்குவான். ஆயினும் ஆட்சேபிக்க வேண்டியிருக்கிறது.

உணர்ச்சியை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே உணர்ச்சியின் வாயை அடைக்கும் உபாயமாகவே இந்தச் சித்தாந்தம் நடைமுறையில் வேலை செய்கிறது என்பது என் கட்சி. பிரயாணியின் கோபமும் அச்சமும் வெட்கமும் வண்டியைப் பற்றிய சாட்சியங்கள். ஏதோ ஒன்று தவறாக அமைந்திருக்கிறது என்பதை, அதை அனுபவிக்கிறவனைத் தவிர வேறு எவரும் அறிய முடியாத நிலையில், அவன் அறிந்து சொல்லும் வாக்குமூலங்கள். அவற்றைச் சாட்சியமாக ஏற்று வண்டியைத் திருத்துவதை விட்டுவிட்டு, ஆற்றிவிட வேண்டிய நோய்க்குறிகளாகக் கருதிப் பிரயாணியைத் திருத்த முற்படுகிறார்கள் நவீனர்கள். அழுகிற குழந்தைக்கு முன்னால் கிலுகிலுப்பையை ஆட்டுகிறவள், அது பசியால் அழுகிறதா, எறும்பு கடித்து அழுகிறதா என்று பார்க்கவே இல்லையென்றால், அழுகை நின்றதை மாத்திரம் வைத்து அவளுக்குக் கெட்டிக்காரி என்று பட்டம் சூட்டலாமா?

நவீனர்களின் கட்சிக்கு வாய்த்த வக்கீல்களில் மிகச் சாமர்த்தியசாலி ரோரி சதர்லண்ட் என்ற பிரிட்டிஷ் விளம்பரத்துறைப் பிரமுகர். 2009-ல் டெட் மேடையில் அவர் நிகழ்த்திய உரை உலகமெங்கும் பரவியிருக்கிறது. லண்டனிலிருந்து பாரிஸுக்குச் செல்லும் யூரோஸ்டார் ரயிலின் பிரயாணத்தில் 40 நிமிஷத்தைக் குறைப்பதற்காக 600 கோடி பவுன் செலவிட்டுப் புதிய பாதை போட்டார்களே, அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு உலகத்தின் தலைசிறந்த அழகர்களையும் அழகிகளையும் அமர்த்தி, பெட்டி பெட்டியாக விலையுயர்ந்த ஒயினை இலவசமாக ஊற்றிக்கொடுக்கச் செய்திருந்தால், வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டுங்கள் என்று பிரயாணிகளே கேட்டிருப்பார்கள் என்று அவர் சொன்னபோது சபை குலுங்கிச் சிரித்தது. ஹாஸ்யம் உயர்ந்த ஹாஸ்யம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஹாஸ்யத்தைப் பொருளாதாரமாக எடுத்துக்கொண்டு, உண்மையை மாற்றுவதைவிட உண்மையைப் பற்றிய எண்ணத்தை மாற்றுவது மலிவு என்று பாடம் நடத்துகிறவர்கள், 2007-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட அந்தப் பாதை அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பார்ப்பதில்லை. 2009 டிசம்பர் முதல் அதே தண்டவாளத்தின் மேல் கெண்ட் பிரதேசத்து ஊர்களிலிருந்து தினந்தோறும் லண்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களின் ரயில்களும் ஓடத் தொடங்கின. ஆஷ்ஃபோர்டிலிருந்து தலைநகருக்கு முன்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்த வழி ஏறத்தாழ 38 நிமிஷமாகச் சுருங்கியது. ஒயின் புட்டி அன்றைக்கு முதல் வகுப்பில் வந்தவனோடு தீர்ந்துபோயிருக்கும். பாதையோ, அதைப் போட்டவர்கள் மனத்தில் முதன்மையாக இல்லாத எத்தனையோ குமாஸ்தாக்களும் தாதிகளும் மாலையில் தங்கள் குழந்தைகள் தூங்குவதற்கு முன் வீடு திரும்பும் வழியாயிற்று. அவர்களுடைய உணர்ச்சியும் உணர்ச்சிதானே?

ஹூஸ்டன் விமான நிலையத்துக் கதை இதைவிடப் பிரசித்தம். பெட்டிகள் வரும் வரையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று பிரயாணிகள் ஓயாமல் புகார் செய்தார்களாம். ஆட்களைக் கூட்டிக் காத்திருப்பை 8 நிமிஷமாகக் குறைத்தும் புகார் நிற்கவில்லையாம். இறங்கும் வாயிலிலிருந்து பெட்டிகள் வரும் இடத்துக்கு நடக்க ஒரு நிமிஷமும், அங்கே நிற்க ஏழு நிமிஷமும் ஆவதைக் கண்ட நிர்வாகிகள், விமானங்களைத் தொலைவான வாயில்களில் நிறுத்தி, பிரயாணிகளை முன்னைப்போல் ஆறு மடங்கு தூரம் நடக்க வைத்தார்களாம். புகார் அநேகமாக அற்றுப்போயிற்றாம். 2012-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எடுத்துச் சொன்ன பிறகு இந்தக் கதை நிர்வாகவியல் வகுப்புகளில் புராணக் கதைபோல் ஆகிவிட்டது. இதைச் சொல்லி முடித்ததும் ஆசிரியர் ஒரு புன்னகை செய்வார், மாணவர்களும் செய்வார்கள். மூட்டுவலிக்காரக் கிழவி ஒருத்தி, இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக ஒரு தாய், ஊன்றுகோலோடு வந்த ஒருவன், இவர்கள் அந்த நீண்ட நடைபாதையில் எப்படி நடந்தார்கள் என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. இவர்கள் புகார் எழுதவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். நடந்து களைத்தவன், வந்து சேர்ந்ததும் தன் பெட்டி கண்முன்னே சுற்றிக்கொண்டிருக்கக் கண்டால், எதை எதிர்த்துப் புகார் எழுதுவான்? குறை தீர்ந்து புகார் நிற்பது வேறு. குறை இன்னதென்று சுட்டிக்காட்ட முடியாதபடி அதைப் பாதை முழுவதும் கரைத்துவிட்டதால் புகார் நிற்பது வேறு. இரண்டையும் ஒரே வெற்றியாக எண்ணும் கணக்கு மோசமான கணக்கு.

நியாயத்தை முன்னிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காத்திருப்பின் மனோதத்துவம் என்பது வெறும் மாயாஜாலமன்று. டேவிட் மைஸ்டர் என்ற அறிஞர் 1985-ல் எழுதிய கட்டுரையில், சும்மா கழியும் நேரம் ஏதேனும் செய்துகொண்டிருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்றும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு தெரிந்ததைவிட நீளமாகத் தோன்றும் என்றும், காரணம் சொல்லப்படாததும் நியாயமற்றதுமான காத்திருப்பு இன்னும் நீளமாகத் தோன்றும் என்றும் வகுத்துக் காட்டினார். பஸ் நிறுத்தத்தில் நின்றவர் எவரும் இதை மறுக்க மாட்டார். ஆனால் இந்த வாக்கியங்களில் எத்தனை தினுசு இருக்கின்றன என்று பாருங்கள். நேரம் தெரியாமல் தவிக்கிறவனுக்கு நேரத்தைச் சொன்னால், 1980களில் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் அடுத்த வண்டி எத்தனை நிமிஷத்தில் வரும் என்று காட்டும் பலகைகளை வைத்தார்களே அதுபோலச் சொன்னால், அவனுக்கு உண்மையாகவே ஓர் அதிகாரம் கிடைக்கிறது. நிற்கலாமா, நடந்து போகலாமா, ஒரு காபி குடித்துவிட்டு வரலாமா என்று அவன் தீர்மானிக்கலாம். நியாயமற்ற வரிசையைச் சரிசெய்தால் அநியாயமே ஒழிகிறது. சும்மா இருப்பவனுக்கு முன்னால் ஒரு விளம்பரத் திரையைத் தொங்கவிடுவது மட்டும் இவற்றோடு சேராது. மைஸ்டருடைய பட்டியலிலிருந்து நிர்வாகங்கள் மிகவும் விரும்பி எடுத்துக்கொண்டது எது என்பதை எந்த நிலையத்துக்குள் நுழைந்து பார்த்தாலும் தெரியும். பல நிலையங்களில் திரை பளபளக்கிறது. வண்டி ஏன் தாமதம் என்று சொல்ல ஆள் இல்லை.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். உணர்ச்சியைக் கவனித்து வாகனம் அமைக்கும் யோசனை தாங்கள் கண்டுபிடித்தது என்று நவீனர்கள் கருதுகிறார்கள். ரயிலின் சரித்திரத்தில் பிரயாணிக்கு வந்து சேர்ந்த நன்மைகளில் பல, பிரயாணியின் உணர்ச்சியால் வந்தவையே. ஆனால் அவை மகிழ்ச்சியால் வரவில்லை, அச்சத்தாலும் வெட்கத்தாலும் கோபத்தாலும் வந்தன.

1864 ஜூலை 9-ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, லண்டனில் தாமஸ் பிரிக்ஸ் என்ற வயோதிகப் பாங்குக்காரர் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறினார். அந்தக் காலத்துப் பெட்டி இப்போது நாம் அறிந்ததுபோல் இராது. ஒவ்வோர் அறையும் தனித்தனி. பக்கவாட்டில் பிளாட்பாரத்தை நோக்கித் திறக்கும் கதவு. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போக வழியில்லை. வண்டி கிளம்பிவிட்டால் அடுத்த நிலையம் வரையில் உள்ளே இருப்பவனுக்கும் வெளி உலகத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் கிடையாது. ஹாக்னி நிலையத்தில் அந்த அறைக்குள் ஏறிய இரண்டு வாலிபர்கள், மெத்தையில் கையை வைத்ததும் ஈரத்தை உணர்ந்து, விளக்கொளியில் பார்த்து, அது ரத்தம் என்று கண்டார்கள். அறையில் மனிதர் இல்லை. ஒரு பையும் கைத்தடியும் தொப்பியும் மாத்திரம் கிடந்தன. தொப்பி பிரிக்ஸினுடையதன்று, கொலைகாரன் அவசரத்தில் மாற்றி எடுத்துப் போயிருந்தான். பிரிக்ஸ் தண்டவாளத்தின் ஓரத்தில் கண்டெடுக்கப்பட்டு மறுநாள் இறந்தார். பிரிட்டனில் ரயிலுக்குள் நடந்த முதல் கொலை இது. ஃபிரான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியத் தையற்காரன் பாய்மரக் கப்பலில் அமெரிக்காவுக்கு ஓடினான். போலீஸார் நீராவிக் கப்பலில் முந்திச் சென்று நியூயார்க்கில் காத்திருந்து அவனைப் பிடித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவன் தூக்கிலிடப்பட்டான்.

கொலைகாரன் பிடிபட்டதோடு விஷயம் முடிந்துவிட்டதாக ஜனங்கள் கருதவில்லை. ரயிலில் அந்நியன் ஒருவனோடு தனியாக அகப்பட்டுக்கொள்ளும் பீதி தேசமெங்கும் பரவியது. இன்றைய உணர்ச்சி நிபுணர்கள் அப்போது இருந்திருந்தால் என்ன ஆலோசனை சொல்லியிருப்பார்கள்? கோடிக்கணக்கான பிரயாணங்களில் ஒரே ஒரு கொலைதானே, ஆகவே இந்தப் பயம் புள்ளிவிவரத்துக்கு ஒவ்வாதது. திண்டின் நிறத்தை மாற்றி, விளக்கைக் கொஞ்சம் மஞ்சளாக்கினால் தணிந்துவிடும் என்று சொல்லியிருப்பார்கள். அப்பீதிக்குள் ஒளிந்திருந்த அறிவை ஜனங்கள் அவர்களைவிட நன்றாக உணர்ந்திருந்தார்கள். பூட்டிய அறைக்குள் இருப்பவன் கூப்பிட்டால் கேட்பவன் ஒருவனும் இல்லை என்பது அந்த வண்டியின் அமைப்பிலேயே இருந்த குற்றம். ஒரு கொலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது குற்றமே. முதலில் அறைகளுக்கு இடையே வட்டமான சிறு ஜன்னல்களைப் பொருத்திப் பார்த்தார்கள்; முல்லரின் பெயரையே அவற்றுக்கு வைத்தார்கள்; அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்க்கிறார் என்று பிரயாணிகளுக்கு அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் 1868-ஆம் வருஷத்து ரயில்வேச் சட்டம், நிற்காமல் 20 மைலுக்கு மேல் ஓடும் ரயில்களில் பிரயாணி ரயில்வே ஊழியரோடு தொடர்புகொள்ளச் சாதனம் இருந்தே தீர வேண்டும் என்று விதித்தது. ஆரம்பத்தில் வந்த கயிறு பெட்டிக்கு வெளியே கூரையோரமாக ஓடியது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இழுக்க வேண்டும். இழுத்தாலும் பல சமயம் மணி அடிக்கவில்லை. பிறகு அது உள்ளே வந்தது, பிரேக்கோடு இணைந்தது, நம் ஊர் ரயில்களில் அபாயச் சங்கிலியாகத் தொங்குகிறது.

இந்தச் சங்கிலியைப் பற்றி இன்னும் சற்று நின்று யோசிக்க வேண்டும். சாமானியப் பிரயாணி ஒருவன், டிக்கெட்டைத் தவிர வேறு அதிகாரம் ஏதுமில்லாதவன், தன் அச்சத்தை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு, ஆயிரம் பேரை ஏற்றிச்செல்லும் வண்டியை நிறுத்தலாம். தகுந்த காரணமின்றி இழுத்தால் 1989-ஆம் வருஷத்து இந்திய ரயில்வேச் சட்டத்தின் 141-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதாவது, அவனுடைய உணர்ச்சிக்கு அதிகாரமும் கொடுத்து, அந்த அதிகாரத்துக்குப் பொறுப்பும் வைத்திருக்கிறார்கள். சாட்சியை மதிப்பது என்பது இதுதான். பொய்ச்சாட்சிக்குத் தண்டனை உண்டு. மெய்ச்சாட்சியின் சொல்லுக்கு வண்டி நிற்கும்.

வெட்கத்துக்கு வருவோம். 1909-ல் வங்காளத்து ஒகில் சந்திர சென் சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றிருக்கிறது. பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமதுபூர் நிலையத்தில் அவசரமாக ஒதுங்கிய மனிதர், கார்டு விசில் ஊதியதும் ஒரு கையில் செம்பும் ஒரு கையில் வேட்டியுமாக ஓடிவந்து, ஆணும் பெண்ணும் நிறைந்த பிளாட்பாரத்தில் விழுந்து மானம் போயிற்று என்று முறையிட்டு, கார்டுக்கு அபராதம் போடாவிட்டால் பத்திரிகைகளுக்கு எழுதிவிடுவதாக எச்சரிக்கிறார். அவருடைய உடைந்த ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அநேகர். தாழ்ந்த வகுப்புப் பெட்டிகளில் கழிவறை வந்ததற்கு அந்தக் கடிதமே காரணம் என்று சொல்வோரும் உண்டு. ஒரு கடிதத்தின் பலத்தை அவ்வளவு உயர்த்த எனக்குத் துணிவில்லை. அவர் மாத்திரம் சிரிப்பதற்காக எழுதவில்லை என்பது நிச்சயம்.

கோபத்துக்கு வந்தால், 1917-ல் காந்தியடிகள் இந்திய ரயில்களின் மூன்றாம் வகுப்பைப் பற்றி எழுதியதற்கு ஈடான பிரமாணம் வேறில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய இரண்டரை ஆண்டுகளில் கால் பங்குக்கு மேற்பட்ட காலத்தை, வடக்கே லாகூர் முதல் தெற்கே தரங்கம்பாடி வரையில், மூன்றாம் வகுப்பிலேயே தாமாக விரும்பிக் கழித்தவர் அவர். பம்பாயிலிருந்து சென்னைக்கு 13 ரூபாய் 9 அணா கொடுத்து மெயிலில் வந்த பிரயாணத்தைச் சொல்கிறார்: 22 பேருக்கு என்று எழுதப்பட்ட பெட்டி, அந்த இருபத்திரண்டு பேருக்கும் உட்காரத்தான் இடம், வழியில் இரண்டு இரவு, ராய்ச்சூருக்குப் பிறகு நெரிசல் தாங்க முடியவில்லை, பிரயாணம் முழுவதிலும் பெட்டி ஒரு தடவையேனும் பெருக்கப்படவில்லை. பிறகு அவர் கணக்குப் போடுகிறார். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேல். அப்படியானால் முதல் வகுப்புக்காரன் அனுபவிக்கும் சௌகரியத்தில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது இவனுக்குக் கிடைக்கிறதா? கோபம் கணக்காக மாறும் இடம் இது. உணர்ச்சிக்கும் கணக்குக்கும் விரோதம் என்று யார் சொன்னது?

அந்தக் கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது என்பது நம்முடைய விவாதத்துக்கு உயிர்நாடி. 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்துவிட்டார்கள். அதில் வந்துகொண்டிருந்தவன் ஒரே இரவில் இரண்டாம் வகுப்புக்காரன் ஆனான். அவன் படுத்த பலகை அதே பலகை. எண்ணத்தை மாற்றினால் போதும் என்ற சித்தாந்தத்தின்படி இது பரிபூரண வெற்றியல்லவா? இழிவான பெயர் போயிற்று, செலவு ஒன்றுமில்லை! 1977-ல் ரயில்வே அமைச்சராக வந்த மது தண்டவதே வேறு விதமாக யோசித்தார். வெறும் மரமாக இருந்த இரண்டாம் வகுப்புப் படுக்கைகளின்மேல் இரண்டு அங்குல ரப்பர் மெத்தையைப் போடச் செய்தார். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே, வகுப்பு வித்தியாசமில்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸை விட்டார். இரண்டு இரவு முதுகு நோகப் படுத்துவந்தவனுக்கு இரண்டு அங்குலத்தின் அர்த்தம் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. பெயர்ப்பலகையை மாற்றியவர் யார் என்று எவருக்கும் நினைவில்லை. மெத்தை போட்டவரை இன்றும் ஜனங்கள் சொல்கிறார்கள். காந்தியடிகள் எழுதியதற்கும் அந்த மெத்தை வந்ததற்கும் இடையே அறுபது வருஷம் ஓடிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாட்சியம் கிடைக்காமல் இந்தத் தாமதம் நேரவில்லை.

வண்டியின் அமைப்பு என்பது இரும்பும் மெத்தையும் மட்டுந்தானா? டிக்கெட்டும் அமைப்பில் சேர்ந்ததே. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போய்வருகிறார்கள். பேருந்துக்குக் காசு என்று புருஷனிடமோ மகனிடமோ கையை நீட்டும் கூச்சமும், எதற்குப் போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் சங்கடமும் எத்தனை வீடுகளில் நீங்கின என்பதை எந்த இருக்கையின் வளைவையும் அளந்து கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பேருந்துகளில் பல பழையவை, மழை பெய்தால் ஒழுகுபவை. ஜன்னல் ஓரத்துப் பெண் சீட்டை விட்டு எழுந்து நிற்பதை நாம் பார்க்கிறோம். அதற்காகவும் கோபப்பட வேண்டியதுதான். ஆயினும் பெண்களின் மனத்தைத் தொட்ட போக்குவரத்துச் சீர்திருத்தம் எது என்று அவர்களையே கேட்டால், குளிர்சாதனத்தைச் சொல்பவரைவிட இதைச் சொல்பவர் அதிகமாக இருப்பர் என்றே நினைக்கிறேன்.

இங்கே எதிர்க்கட்சியார் ஒரு பலமான கேள்வி கேட்கலாம். பிரயாணியின் உணர்ச்சிக்கு அதிகாரம் கொடு என்கிறாயே, அவனுடைய அவசரமும் உணர்ச்சிதானே. ஒரு நிமிஷத் தாமதத்தையும் பொறாத அந்த அவசரத்துக்கு எல்லாரும் அடிபணிந்தால் என்ன ஆகும்? என்ன ஆகும் என்பதை 2005 ஏப்ரல் 25-ஆம் தேதி காலையில் ஜப்பானின் அமகாசாகி நகரம் கண்டது. இருபத்துமூன்று வயது ஓட்டுநர் ஒருவர், முந்தின நிலையத்தில் வண்டியை நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி நிறுத்தியதால் ஒன்றரை நிமிஷம் போலப் பிந்திவிட்டார். 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாத வளைவில் அவருடைய வண்டி ஏறத்தாழ 116 கிலோமீட்டர் வேகத்தில் புகுந்து, தடம் புரண்டு, அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் மோதியது. 106 பிரயாணிகளும் ஓட்டுநரும் மாண்டார்கள். தவறு செய்த ஓட்டுநர்களை அழைத்து வைத்துத் திட்டுவதும், மன்னிப்புக் கடிதங்கள் எழுதச் செய்வதும், புல் பிடுங்க விடுவதுமான ஒரு தண்டனைப் பயிற்சி அந்த ரயில் நிறுவனத்தில் வழக்கத்தில் இருந்தது; அந்த இளைஞர் முன்பே ஒரு தடவை அதை அனுபவித்தவர்; மறுபடியும் அதற்குள் போகவேண்டுமே என்ற திகில் அவருடைய கவனத்தைக் கலைத்திருக்கக்கூடும் என்று விசாரணைக் குழு 2007-ல் எழுதியது.

இந்த உதாரணம் என் கட்சிக்கு விரோதமானதன்று. அந்த வண்டியில் பிரயாணம் செய்தவர்களுள் ஓட்டுநரும் ஒருவர். பிரயாணிகளின் அவசரம் முழு அதிகாரத்தோடு ஆண்டது. ஓட்டுநரின் அச்சத்துக்கு நாவே இல்லை. வண்டிக்குள் இருக்கும் உணர்ச்சிகளில் நிர்வாகத்துக்குப் பிரியமான ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பலவீனம் என்று ஒதுக்கியதன் விளைவு அது. நம் நாட்டில் ரயில் எஞ்சினுக்குள் கழிவறை வைக்கும் முயற்சி 2016-ல்தான் தொடங்கியது. இன்னமும் எல்லா எஞ்சின்களிலும் அது வரவில்லை. ஒகில் சந்திர சென்னுக்கு நேர்ந்தது ஓட்டுநருக்கு நேர்ந்தால் அவர் எந்த அலுவலகத்துக்கு எழுதுவார்? பெண் ஓட்டுநர்கள் வேலைக்கு வருமுன் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சைக் கேட்டுவிட்டு, பெட்டிக்குள் வண்ண விளக்குகள் பிரயாணியின் மனநிலைக்கேற்ப மாறும் என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது சினம் வராமல் என்ன செய்யும்?

உணர்ச்சியை அறிவதற்கென்றே கருவிகள் வந்துவிட்டன என்பது நவீனர்களின் அடுத்த பெருமை. 2018-ல் பிரேசில் நாட்டு சாவோ பாவ்லோ நகரத்து மெட்ரோவின் மஞ்சள் தடத்தில், பிளாட்பாரக் கதவுகளில் விளம்பரத் திரையும் காமிராவும் பொருத்தி, எதிரே நிற்பவன் ஆணா, பெண்ணா, என்ன வயது, விளம்பரத்தைக் கண்டு மகிழ்ந்தானா, முகஞ்சுளித்தானா, வியந்தானா என்று அவனைக் கேளாமலே குறித்துக்கொண்டார்கள். நுகர்வோர் சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் நீதிமன்றம் காமிராக்களை நிறுத்த உத்தரவிட்டது. 2021-ல் மெட்ரோவை நடத்திய நிறுவனம் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பிரிட்டனிலும் பெரிய ரயில் நிலையங்கள் சிலவற்றில் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கும் மென்பொருளைச் சோதித்தார்கள் என்பது 2024-ல் வெளியாயிற்று. இந்தக் கருவிகளுக்கு அடிப்படையான நம்பிக்கையையே, லிசா ஃபெல்ட்மன் பாரட் உள்ளிட்ட ஐந்து அறிஞர்கள் 2019-ல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளை அலசி எழுதிய கட்டுரை ஆட்டம் காண வைத்துவிட்டது. முகத்தைக் கொண்டு அகத்தை நிச்சயமாக அறியலாகாது என்பது அதன் சாரம். கோபமுற்றவர்கள் முகஞ்சுளிப்பது சராசரியாக நூற்றுக்கு முப்பது தடவை போலத்தான். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற நம் பழமொழிக்காரரைவிட இந்த வியாபாரிகள் அதிகமாக நம்புகிறார்கள்.

கருவி நாளைக்குத் துல்லியமாகவே ஆகிவிடட்டும்; அப்போதும் என் ஆட்சேபம் நிற்கும். சங்கிலியை இழுக்கும்போது பிரயாணி பேசுகிறான். காமிரா அவனைப் பார்க்கும்போது அவன் பேசவில்லை, பேசப்படுகிறான். அவனுடைய அச்சம் அவன் கையிலிருந்து நழுவி, விற்பனைக்குரிய தகவலாகி, அவனுக்குத் தெரியாத ஒருவனுடைய மேசைக்குப் போகிறது. அதனால் வண்டி நிற்பதுமில்லை, மெத்தை வருவதுமில்லை. பெரும்பாலும் இன்னொரு விளம்பரம் வருகிறது.

வருங்கால வாகனங்களின் வரைபடங்களைப் பார்த்தால் 1864-ஆம் வருஷத்து அறை மறுபடியும் வந்துகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 2013-ல் ஈலான் மஸ்க் வெளியிட்ட ஹைப்பர்லூப் திட்டம், காற்றை உறிஞ்சிய குழாய்க்குள் ஜன்னலில்லாத கூண்டில் மனிதர்களை அனுப்புவது. உள்ளே அழகிய இயற்கைக் காட்சி திரையில் காட்டப்படும் என்று அந்த அறிக்கையே ஆறுதல் சொல்கிறது. 2020 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் இரண்டு பேர் அவ்விதக் கூண்டில் சிறிது தூரம் போய்ப் பார்த்தார்கள். அந்தச் சோதனையை நடத்திய கம்பெனி 2023 முடிவில் மூடப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்தில் 422 மீட்டர் நீளமுள்ள சோதனைக் குழாய் அமைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி நடக்கட்டும், அதில் எனக்கு விரோதமில்லை. நடுவழியில் மூச்சு முட்டுகிறது என்று ஒருவர் அலறினால் அந்தக் குழாய்க்குள் என்ன செய்வது என்பதுதான் திரைக் காட்சிக்கு முன்னால் தீர்க்க வேண்டிய பிரச்சினை. டில்லியில் 2020 டிசம்பர் முதல் ஓட்டுநரில்லா ரயில் ஓடுகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு வரும் மூன்று பெட்டி ரயில்களும் அவ்விதம் ஓடக்கூடியவையே. எந்திரம் மனிதனைவிடக் கவனமாக ஓட்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இரவு பத்தரை மணிக்கு ஆளரவமற்ற பெட்டியில் ஒரு பெண் தனியாக இருக்கும்போது, எதிரே வந்து அமர்ந்தவனைக் கண்டு அவளுக்கு உண்டாகும் அச்சம், வண்டி எவ்வளவு கவனமாக ஓடுகிறது என்பதைப் பற்றியதே அன்று.

டில்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2019 முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வாகனங்களில் அபாயப் பொத்தான் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. விதி நல்ல விதி. பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் யார் இருக்கிறார்கள், எத்தனை நிமிஷத்தில் வருவார்கள் என்பதை எந்த வண்டியிலும் எழுதி வைத்திருக்கக் காணோம். பெட்டிக்கு வெளியே ஓடிய அந்தப் பழைய கயிறும் இழுத்தால் மணி அடிக்காத கயிறாகத்தான் ஆரம்பித்தது. அதைத் திருத்தி உள்ளே கொண்டுவர இன்னும் பல வருஷங்கள் ஜனங்கள் சண்டையிட வேண்டியிருந்தது.

ஆகையால் புதிய ரயிலும் பஸ்ஸும் கூண்டும் வாங்கப்போகிற அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். மனநிலைக்கேற்ப மாறும் விளக்கைப் பற்றியும் முகம் பார்க்கும் காமிராவைப் பற்றியும் விற்க வந்தவர் படம் போட்டுக் காட்டி முடித்ததும், அவரிடம் கேளுங்கள்: உள்ளே இருக்கும் பிரயாணி கூப்பிட்டால் எந்த மனிதருக்குக் கேட்கும்? சுரங்கத்திலும் பாலத்திலும் வண்டியை நிறுத்துவது அபாயமென்றால், அதை அந்தப் பிரயாணிக்கு எடுத்துச் சொல்லி, அடுத்த நிலையத்தில் கதவருகே ஆளை நிறுத்துவது யார் வேலை? அதற்கு எத்தனை நிமிஷம்? பதிலை வாய்மொழியாக வாங்கிக்கொள்ள வேண்டாம். டெண்டரில் எழுதி, தவறினால் இன்ன அபராதம் என்று அதற்குக் கீழேயே சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.